கையில் ஒரே ஒரு கோப்பு

1983 ஜனவரி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், வினபாகோ கவுண்டி (நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பகுதி). நான்கு வயதுகூட நிரம்பாத ஒரு சிறுவனை உடம்பெல்லாம் கன்றிய காயங்களோடு மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். மருத்துவருக்குச் சந்தேகம் எழுகிறது. சமூகநலத் துறைக்குத் தகவல் போகிறது. சிறுவனைத் தற்காலிகமாக மருத்துவமனையின் பொறுப்பில் வைக்கும்படி சிறார் நீதிமன்றம் உத்தரவிடுகிறது. மூன்று நாள் கழித்து அவனைப் பற்றி முடிவெடுக்க ஒரு குழு கூடுகிறது. அதில் இருந்தவர்கள் யார் யார் என்று பிற்பாடு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே பட்டியலிட்டது: குழந்தை மருத்துவர், உளவியலாளர், காவல்துறைத் துப்பறிவாளர், கவுண்டியின் வழக்கறிஞர், சமூகநல ஊழியர்கள் சிலர், மருத்துவமனைப் பணியாளர்கள் பலர்.

போதிய ஆதாரம் இல்லை என்று அந்தக் குழு முடிவு செய்தது. சிறுவன் தந்தையிடமே திரும்பினான். தந்தை ஆலோசனைக்குப் போக வேண்டும், பையனைப் பாலர் பள்ளியில் சேர்க்க வேண்டும், வீட்டிலிருக்கும் தோழி வெளியேற வேண்டும் என்று சில நிபந்தனைகள். ஒரு சமூகநல ஊழியர் ஆறு மாதம் மாதந்தோறும் அந்த வீட்டுக்குப் போனார். தலையில் காயங்களைக் கண்டார். பள்ளியில் சேர்க்கவில்லை என்பதையும் தோழி இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்பதையும் கண்டார். கண்டதையெல்லாம் ஒழுங்காகக் கோப்பில் எழுதினார். 1984 மார்ச்சில் தந்தை அடித்த அடியில் சிறுவன் நினைவிழந்தான். மூளை சிதைந்துபோன அவன் அதன்பின் ஆயுள் முழுக்கப் பிறர் பராமரிப்பில் வாழ்ந்து, 2015இல் 36ஆம் வயதில் இறந்தான். தனியார் கையால் நேரும் வன்முறையிலிருந்து ஒருவரைக் காக்கும் கடமையை அரசியலமைப்பு அரசின் மேல் சுமத்தவில்லை என்று 1989இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. சட்டக் கல்லூரிகளில் டிஷேனி வழக்கு என்று இன்றும் பாடமாக நடத்தப்படுவது இதுதான்.

அந்தக் குழுவின் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு துறை இருக்கிறது, அந்தத் துறைக்கு ஒரு நோக்கம் இருக்கிறது. கவுண்டியின் வழக்கறிஞர் கவுண்டிக்காகப் பேசுவார். காவலர் குற்றத்துக்குச் சாட்சியம் தேறுமா என்று பார்ப்பார். இந்தப் பையனைத் தவிர வேறு வேலை இல்லாதவர் என்று அதில் ஒருவர்கூட இல்லை.

இதே குறையை ஆறு ஆண்டுகளுக்கு முன்பே நாட்டின் மறுகோடியில் ஒரு நீதிபதி உணர்ந்திருந்தார். டேவிட் சூகப் என்பது அவர் பெயர். சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுண்டியின் மேல்நிலை நீதிமன்றத்தில் குழந்தை வழக்குகளை விசாரித்துக்கொண்டிருந்தார். கொடுமைக்கு ஆளான மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கில், அவள் வாழ்க்கையையே திருப்பிப்போடக்கூடிய முடிவை எடுக்கத் தன்னிடம் போதிய தகவல் இல்லை என்ற உறுத்தல் அவருக்கு. அரசுத் தரப்பு ஒன்று சொல்கிறது, பெற்றோர் தரப்பு வேறொன்று சொல்கிறது. குழந்தை எங்கே தூங்குகிறது, யாரைக் கண்டால் ஒளிகிறது, யார் மடியில் போய் உட்காருகிறது என்பதை யாரும் சொல்லவில்லை. பொதுமக்களில் சிலரைப் பழக்கி இந்தக் குழந்தைகளுக்காக நியமித்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஆர்வம் உள்ள நாலைந்து பேரை மதிய உணவுப் பொட்டலத்தோடு வரச் சொல்லும்படி தன் நீதிமன்ற ஊழியரிடம் சொன்னார். வந்தவர்கள் ஐம்பது பேர். 1977இல் திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே 110 தன்னார்வலர்கள், 498 குழந்தைகள்.

இந்த யோசனை வெறும் இரக்கத்தில் பிறந்ததல்ல, அதற்குப் பின்னால் ஒரு சட்டமும் இருந்தது. எக்ஸ்ரேயில் தெரியும் பழைய எலும்பு முறிவுகளை வைத்து, இவை விபத்தல்ல, அடி என்று ஹென்றி கெம்ப் என்ற குழந்தை மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் 1962இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். நாடு அதிர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் எல்லா மாநிலங்களும், சந்தேகம் வந்தால் மருத்துவர் புகார் செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் இயற்றின. 1974இல் மத்திய அரசும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் மாநிலங்களுக்குக் கிடைக்கும் நிதி வேண்டும் என்றால், நீதிமன்றத்துக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் 'கார்டியன் அட் லைட்டம்' ஒருவரை மாநிலம் நியமிக்க வேண்டும். லத்தீன் பெயரைக் கண்டு மிரள வேண்டாம், வழக்கு நடக்கும் வரைக்கும் காப்பாளர் என்பதுதான் பொருள். நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32ஆம் கட்டளையிலும் வழக்குக் காப்பாளர் உண்டு.

ஆனால் யாரை நியமிப்பது? வழக்கறிஞர்களைத்தான் நியமித்தார்கள். கூலி சொற்பம், வழக்குகளோ குவியல். குழந்தையை முதன்முதலாக நீதிமன்ற வராந்தாவில் பார்த்து, பெயரைச் சரிபார்த்துக்கொண்டு உள்ளே போன வழக்கறிஞர்கள் உண்டு. சூகப் நிரப்ப முயன்றது இந்த ஓட்டையைத்தான். 1996இல் அந்த மத்தியச் சட்டமே திருத்தப்பட்டது. காப்பாளராக வழக்கறிஞரும் இருக்கலாம், பயிற்சி பெற்ற தன்னார்வலரும் இருக்கலாம், இருவருமே இருக்கலாம். குழந்தையின் நிலைமையை அவர் நேரில் அறிந்திருக்க வேண்டும் என்பது அதில் எழுத்தாகவே இடம்பெற்றது. அதற்குள் இந்த ஏற்பாடு யூதப் பெண்களின் தேசிய மன்றம் போன்ற அமைப்புகளின் உதவியோடு ஊர் ஊராகப் பரவி, 1982இல் தேசிய அளவில் ஒரு சங்கமும் அமைந்திருந்தது. இன்று 49 மாநிலங்களில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட கிளைத் திட்டங்கள் இருக்கின்றன.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் தன்னார்வலர்களுக்கு அங்கே 'கோர்ட் அப்பாயிண்டட் ஸ்பெஷல் அட்வகேட்' என்று பெயர்; அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துக் காசா என்கிறார்கள். ஸ்பானிஷ் மொழியில் அதற்கு வீடு என்று பொருள், அதனால் அங்கே பொருத்தமாக அமைந்துவிட்டது. தமிழில் அப்படியே எழுதினால் வேறொரு நிலம்தான் மனத்தில் வந்து நிற்கும். 'அட்வகேட்' என்று எழுதினால் கறுப்புக் கோட்டு வந்துவிடும், ஆனால் இவர்கள் வழக்கறிஞர்கள் அல்லர். ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கி ஊழியர், பிள்ளைகள் வளர்ந்து வீட்டைவிட்டுப் போய்விட்ட தாய் என்று யார் வேண்டுமானாலும் இருக்கலாம். சார்பாளர் என்ற சொல்லை இந்தக் கட்டுரை முடியும் வரைக்கும் வைத்துக்கொள்கிறேன்.

சார்பாளர் ஆவது எப்படி? 21 வயது ஆகியிருக்க வேண்டும். விண்ணப்பம், நேர்காணல், கைரேகை, குற்றப் பின்னணிச் சோதனை எல்லாம் உண்டு. பிறகு 30 மணி நேரப் பயிற்சி, ஆண்டுதோறும் மேலும் 12 மணி நேரம். கடைசியில் நீதிபதி முன் உறுதிமொழி. அதன்பின் ஒரு வழக்கு தருவார்கள், மிஞ்சிப்போனால் இரண்டு. இந்தச் சிறிய எண்ணிக்கையில்தான் திட்டத்தின் உயிரே இருக்கிறது. அரசின் சமூகநல ஊழியரிடம் இருபது முப்பது குடும்பங்கள் இருக்கலாம், வேலைப் பளு தாங்காமல் பாதியில் விட்டுப் போகிறவர்களும் நிறைய. சிறுவன் ஒரு வளர்ப்பு வீட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவான், பள்ளி மாறும், ஊழியர் மாறுவார், சிலநேரம் நீதிபதியே மாறுவார். வழக்கு முடியும்வரை அதே முகமாக இருக்க வேண்டியவர் சார்பாளர் ஒருவர்தான்.

கையில் ஒரே ஒரு கோப்பு இருப்பவருக்குக் கிடைப்பது அன்பு செலுத்துவதற்கான நேரம் என்று பலரும் நினைக்கிறார்கள். விளம்பரங்களும் அப்படித்தான் காட்டுகின்றன. உண்மையில் அந்த நேரம் போவது தொலைபேசியில் காத்திருப்பதில்தான். நீதிமன்ற நியமன உத்தரவின் நகலைக் காட்டினால் பள்ளியும் மருத்துவமனையும் பதிவேடுகளைத் தர வேண்டும். பழைய பள்ளியிலிருந்து மதிப்பெண் சான்று புதிய பள்ளிக்கு வரவே இல்லை, அதனால் பையனைக் கீழ் வகுப்பில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது இப்படித் தெரியவரும். ஒரு மருத்துவர் நிறுத்திய மாத்திரையை இன்னொருவர் தொடர்ந்து எழுதிக்கொண்டிருப்பது தெரியவரும். அடுத்த மாநிலத்தில் பாட்டி ஒருவர் இருக்கிறார், அவரிடம் பேரனைப் பார்த்துக்கொள்வீர்களா என்று யாருமே கேட்கவில்லை என்பது தெரியவரும். பெரிய துப்பறிதல் எதுவும் இல்லை. மூன்றாவது முறையும் தொலைபேசியில் கூப்பிட ஒருவர் இருக்கிறார், அவ்வளவுதான்.

செய்யக் கூடாதவையும் ஏராளம். குழந்தையைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகக் கூடாது. பெற்றோருக்குப் பணம் கொடுக்கக் கூடாது. காரில் ஏற்றிச் செல்லவே பல இடங்களில் அனுமதி இல்லை. சிகிச்சை சொல்லக் கூடாது, சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது, தெரிந்ததை வெளியே சொல்லவே கூடாது. மாதம் ஒரு முறையாவது குழந்தையை நேரில் பார்க்க வேண்டும், பார்த்ததை எழுத வேண்டும்.

எழுதுவதுதான் கடினம். கண்டது வேறு, கருதியது வேறு என்பதைப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். 'வீடு குழந்தை வாழத் தகுதியற்றதாக இருந்தது' என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுதியவரின் முகச்சுளிப்பு அதில் தெரிகிறது, வீடு தெரியவில்லை. அதையே இப்படி எழுதலாம்: 'மாலை நான்கு மணிக்குப் போனேன். சமையலறைத் தொட்டியில் கழுவாத பாத்திரங்கள் இருந்தன. ஃபிரிட்ஜில் பால் பாதிக் குப்பி, முட்டை நான்கு, ஒரு பாத்திரத்தில் சோறு. சிறுவனின் மெத்தையில் விரிப்பு இல்லை, மெத்தை உலர்ந்திருந்தது. அவன் வரைந்த மூன்று படங்கள் சுவரில் ஒட்டியிருந்தன. தாய் வந்ததும் ஓடிப்போய் அவளுடைய பையைத் திறந்து பார்த்தான்.' இதைப் படிக்கும் நீதிபதிக்குத் தாயின் வறுமையும் தெரியும், பையில் ஏதாவது இருக்கும் என்று ஓடும் பிள்ளையும் தெரியும். முதல் வாக்கியம் அந்தப் பிள்ளையை வீட்டைவிட்டு வெளியேற்றிவிடும். அடுத்த பத்தியைப் படிக்கிறவர் கொஞ்சமாவது யோசிப்பார்.

இந்த அறிக்கை விசாரணைக்கு முன்பே எல்லாத் தரப்புக்கும் போகும். பெற்றோரின் வழக்கறிஞர் அதை வரி வரியாகப் படித்து, சார்பாளரைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து.

காலம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். குழந்தைகள் வளர்ப்பு வீடுகளில் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடப்பதைத் தடுக்க வந்த சட்டம் அது. பன்னிரண்டு மாதத்துக்குள், இந்தக் குழந்தை நிரந்தரமாக எங்கே வளரப் போகிறது என்று முடிவெடுக்கும் விசாரணை நடக்க வேண்டும். கடந்த 22 மாதங்களில் 15 மாதம் குழந்தை அரசின் பொறுப்பில் இருந்துவிட்டால், சில விதிவிலக்குகள் தவிர, பெற்றோரின் உரிமையையே ரத்து செய்யக் கோரி அரசு மனுப் போட வேண்டும். ரத்தானால், சட்டத்தின் கண்ணில் அந்தத் தாய் தாயே இல்லை. போதைப் பழக்கத்திலிருந்து மீள 15 மாதம் போதுமா? சிறையில் இருப்பவருக்கு? வாடகைக்கு வீடு கிடைக்காதவருக்கு? கடிகாரம் எல்லோருக்கும் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. இத்தனைக்கும், இப்படி உரிமை பறிபோகும் வழக்கில் ஏழைப் பெற்றோருக்கு வழக்கறிஞர் அமர்த்தித் தருவது எல்லா வழக்கிலும் கட்டாயம் அல்ல என்று 1981இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரும்பாலான மாநிலங்கள் தம் சட்டத்தின் வழியே அதைத் தருகின்றன என்பது வேறு விஷயம்.

இந்த இடத்தில்தான் சார்பாளர் திட்டத்தின் மேல் வைக்கப்படும் விமர்சனங்களைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. அவை லேசானவை அல்ல.

கொடுமை என்றதும் நமக்கு அடியும் சூடும் நினைவுக்கு வருகின்றன. அமெரிக்கப் புள்ளிவிவரத்தில் பாதிக்கப்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு 'புறக்கணிப்பு' வகையில் வருகிறவர்கள். தமிழில் புறக்கணிப்பு என்றால் வேண்டும் என்றே ஒதுக்குவது. அங்கே சட்டம் சொல்லும் புறக்கணிப்பில் இல்லாமையும் அடக்கம். இரவு வேலைக்குப் போகும் தாய் எட்டு வயதுப் பெண்ணின் பொறுப்பில் தம்பியை விட்டுப் போவதும் அதில் வரலாம், ஹீட்டர் இல்லாத வீடும் வரலாம். இந்த வீட்டை வந்து பார்க்கும் சார்பாளர் யார்? பெரும்பாலும் வசதியும் ஓய்வு நேரமும் உள்ள வெள்ளை இனத்துப் பெண்மணி. பார்க்கப்படும் குழந்தைகளில் கறுப்பினத்தவரும் பூர்வகுடியினரும் மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகம். சம்பளம் வாங்காமல், நல்ல மனத்தோடு வரும் ஒருவர், தன் வீட்டை அளவுகோலாக வைத்து அடுத்தவர் வீட்டை அளந்துவிட்டால்? அவர் நல்லவர் என்பதாலேயே நீதிபதியும் அவர் சொல்லைக் கூடுதலாக நம்பிவிட்டால்? இந்தக் கேள்வியை 2016இல் இரண்டு வழக்கறிஞர்கள் ஒரு சட்ட இதழில் கடுமையாகவே எழுப்பினார்கள். கறுப்பினக் குழந்தைகளின் வழக்குகளில் சார்பாளர்கள் குறைந்த நேரமே செலவிட்டார்கள் என்று 2004ஆம் ஆண்டு மதிப்பாய்வு ஒன்று காட்டியிருந்ததையும் எடுத்துக்காட்டினார்கள்.

பூர்வகுடிகளின் அனுபவம் இதைவிடப் பழையது. நல்லெண்ணத்தின் பெயரால் அவர்களுடைய பிள்ளைகள் பெருந்தொகையாக வெள்ளையர் வீடுகளுக்குப் போன பிறகுதான், முதலில் உறவினர், அடுத்துத் தம் இனத்தார் என்று வரிசை வகுத்த தனிச்சட்டம் 1978இல் வந்தது. 2023இல் உச்ச நீதிமன்றம் அதை ஏழுக்கு இரண்டு என்று உறுதி செய்தது.

பலன் என்ன என்று கேட்டால் கணக்கு குழம்புகிறது. சார்பாளர் உள்ள குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் உதவிச் சேவைகள் அதிகம் கிடைக்கின்றன என்பதைப் பல ஆய்வுகள் ஒத்துக்கொள்கின்றன. ஆனால் டெக்சாஸில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், சார்பாளர் உள்ள குழந்தைகள் பெற்றோரிடம் திரும்புவதும் உறவினரிடம் நிரந்தரமாகப் போய்ச் சேர்வதும் மற்றவர்களைவிடக் குறைவு, தத்துப் போவது அதிகம் என்று தெரிந்தது. திட்டத்தின் ஆதரவாளர்கள் சொல்லும் பதிலிலும் நியாயம் உண்டு. சார்பாளர்கள் எல்லோருக்கும் கிடைப்பதில்லை, சிக்கலான வழக்குகளுக்குத்தான் நீதிபதிகள் அவர்களை ஒதுக்குகிறார்கள், கடினமான வழக்கின் முடிவும் கடினமாகத்தான் இருக்கும் என்கிறார்கள். ஆய்வாளர்கள் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக் கழித்த பின்னும் அந்த முடிவு நிற்கிறது என்பதுதான் உறுத்துகிறது. தத்துப் போவது நல்லதா கெட்டதா என்பதற்கும் பொதுவான விடை இல்லை. எந்தக் குழந்தை, எந்த வீடு என்று கேட்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. குழந்தைக்கு எது நல்லது என்று தான் நம்புவதைத்தான் சார்பாளர் சொல்ல வேண்டும். குழந்தை என்ன கேட்கிறதோ அதைச் சொல்வது அவர் வேலை அல்ல. ஒன்பது வயதுப் பையன் 'அம்மாகிட்டப் போகணும்' என்கிறான். அம்மாவின் வீட்டில் அவனை அடித்த ஆள் இன்னும் இருக்கிறான். அறிக்கையில் பையனின் ஆசையை அவன் சொன்னபடியே எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் அவனை அனுப்ப வேண்டாம் என்று பரிந்துரைக்க வேண்டும். பையன் விவரம் தெரிந்தவன் என்றால், தன் ஆள் என்று நம்பியவரே தனக்கு எதிராக எழுதினார் என்று நினைப்பான். நினைப்பதில் தவறும் இல்லை. அதனால் சில மாநிலங்கள் குழந்தை சொல்வதை மட்டுமே எடுத்துச் சொல்லும் வழக்கறிஞரைத் தனியாகத் தருகின்றன. சூகப்பின் சொந்த மாநிலமான வாஷிங்டனே 2021இல், எட்டு வயதும் அதற்கு மேலும் ஆன குழந்தைகளுக்குப் படிப்படியாக வழக்கறிஞர் நியமிக்கச் சட்டம் போட்டது. ஒரு குழந்தைக்காக இரண்டு பேர் எழுந்து நின்று, ஒருவர் அவன் கேட்பதையும் ஒருவர் அவனுக்கு நல்லதையும் சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். வீட்டில் அப்பாவும் அம்மாவும் வேறென்ன செய்கிறார்கள்?

நம் ஊரில் இப்படி உண்டா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக ஒரு பதில். இந்தியாவில் பராமரிப்புத் தேவைப்படும் குழந்தையை, 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி, 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழு அது. பாலியல் கொடுமை வழக்கு என்றால், போக்சோ விதிகளின்படி உதவி நபர் ஒருவரை அந்தக் குழு அமர்த்தும், 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி விரிவான உத்தரவும் போட்டிருக்கிறது. ஆனால் அவருடைய வேலை பெரும்பாலும் நீதிமன்றத்தைக் குழந்தைக்கு விளக்குவது. குழந்தையை நீதிமன்றத்துக்கு விளக்கும் சார்பாளர் போன்ற ஏற்பாடு இங்கே இல்லை.

டிஷேனி வழக்கில் ஒரு சார்பாளர் இருந்திருந்தால் அந்தச் சிறுவன் தப்பியிருப்பானா? திட்டத்தை ஆதரிப்பவர்கள் ஆம் என்று சொல்ல விரும்புவார்கள். அவ்வளவு எளிதல்ல. நீதிமன்றம் வழக்கைச் சில நாளில் முடித்துவிட்டது. வழக்கு இல்லை என்றால் சார்பாளரும் இல்லை. வீட்டுக்குத் திரும்பிய பிறகு நடப்பதைப் பார்க்க அவருக்கு அதிகாரம் கிடையாது. அந்த ஊழியரும் கண்மூடி இருந்தவர் அல்லர். என்றாவது ஒருநாள் தொலைபேசி மணி அடிக்கும், பையன் செத்துப்போன செய்தி வரும் என்று தனக்குத் தெரிந்தே இருந்தது என அவர் சொன்னது தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. தெரிந்தவர் இருந்தார். அவர் எழுதியதை நீதிபதியின் மேசைக்கு எடுத்துப்போகும் வழிதான் இல்லை. வழக்கு உயிரோடு இருக்கும் வரைக்குமாவது அந்த வழியைத் திறந்து வைப்பதுதான் சார்பாளர் செய்வது.

வழக்கு முடியும் நாள் சாதாரணமாகத்தான் இருக்கும். குழந்தை வீட்டுக்குத் திரும்பியிருக்கும், அல்லது தத்துப் போயிருக்கும், அல்லது 18 வயதாகி வெளியேறியிருக்கும். நீதிபதி சில நிமிடங்களில் உத்தரவு போட்டுவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிடுவார். நியமனம் அத்தோடு ரத்தாகிறது. பள்ளிக்குத் தொலைபேசி செய்ய உரிமை இல்லை, வீட்டுக்குப் போகவும் உரிமை இல்லை. இரண்டு ஆண்டு எழுதிச் சேர்த்த கோப்பை, கிறுக்கிய கைக்குறிப்புகள் உட்பட, திட்ட அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். சிலர் அங்கேயே நின்று அடுத்த கோப்பை வாங்கிக்கொள்கிறார்கள். சிலர் கொஞ்ச நாள் போகட்டும் என்கிறார்கள்.